கம்பிவழியா, வலையமைப்பா? கண்காணிப்புக் கேமரா வாங்குமுன் அறிய வேண்டியவை

தோட்டப்புறத்தில் பிறந்து வளர்ந்த முதியவர்களிடம் ‘ஜாகா’ என்று சொன்ன மாத்திரத்தில் ஓர் உருவம் அவர்கள் கண்முன் வந்து நிற்கும். ஒரு கையில் தடி, மறு கையில் டார்ச் விளக்கு. பால் ஸ்டோர், துரை பங்களா, லயத்தின் பின்புறம் என இரவெல்லாம் சுற்றி வருவார். 1948ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் ஐரோப்பிய நிர்வாகிகள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டது. தோட்டங்களைச் சுற்றி முள்வேலி எழும்பியது. சிறப்புக் காவலர்கள் துப்பாக்கி ஏந்தி நின்றனர். 1960ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாள் அவசரகாலம் முடிவுற்ற பின்னர் வேலியும் துப்பாக்கியும் அகன்றன. ஜாகா மட்டும் நீடித்தார்.

இன்று அவரும் இல்லை. பேராக் மாநிலத்தில் ரப்பர் மரங்கள் நின்ற பல இடங்களில் செம்பனை நிற்கிறது. ஈப்போவைச் சுற்றியுள்ள சில தோட்டங்கள் தாமான்களாகிவிட்டன. பழைய குடும்பங்கள் நகருக்குப் பெயர்ந்த பின்னும் கோயிலும், தமிழ்ப்பள்ளியும், ஓரிரு லய வரிசைகளும், சிறு நிலத்தில் பால் வெட்டுவோரும் அங்கேயே இருக்கின்றனர். அவற்றையெல்லாம் இரவில் காப்பது யார் என்னும் வினாவுக்கு விடையாகக் கண்காணிப்புக் கேமரா வந்து சேர்ந்திருக்கிறது. கேமரா வாங்கப் புறப்பட்டவர்களோ கடைவாசலிலேயே திகைத்து நிற்கின்றனர். கடைக்காரர் ‘அனலாக்’ வேண்டுமா, ‘ஐ.பி.’ வேண்டுமா என்று கேட்கிறார். முன்னது கம்பிவழி முறை. பின்னது வலையமைப்பு முறை.

சுங்கை சிப்புட் பக்கமுள்ள ஒரு முன்னாள் தோட்டத்தின் கோயில் நிர்வாகக் குழுவினர் இவ்வினாவுடன் நம்மிடம் வந்தனர். முந்திய ஆண்டுத் திருவிழாவுக்குச் சில வாரங்கள் முன்பு அம்மன் பொட்டும் உண்டியல் பணமும் களவு போயின. கோயிலில் அப்போதும் நான்கு கேமராக்கள் இருக்கத்தான் செய்தன. பதிவைப் போட்டுப் பார்த்தபோது ஓர் ஆள் உள்ளே நுழைவது தெரிந்தது. அவர் யாரென்பது தெரியவில்லை. அவ்விரவுக்குப் பின் சற்றுத் தொலைவிலுள்ள ஸ்டோரிலிருந்து கட்டிப்பாலும் இருமுறை காணாமற்போயிற்று. மங்கில் விழும் திரவப் பாலைத் திருடுவது கடினம்; அது சில மணி நேரத்தில் உறைந்துவிடும். கட்டிப்பாலோ பல நாள் மங்கிலேயே கிடந்து, பின்பு மூட்டைகளாகி எடைக்குக் காத்திருக்கிறது. அதை ஒரு மோட்டார் சைக்கிளில் ஏற்றிச் சென்றுவிடலாம். ஆகவே குடும்பத்திற்கு ஐம்பது வெள்ளி வீதம் திரட்டி இரண்டு இடங்களுக்கும் கேமரா பொருத்துவதென முடிவாயிற்று. ஒரு கடைக்காரர், பழைய வயர் முழுவதையும் பிடுங்கி எறிந்துவிட்டு வலையமைப்பு முறைக்கு மாறச் சொன்னார். இன்னொருவர், பழைய முறையிலேயே ஸ்டோர் வரை ஒரு நீண்ட வயரை இழுத்தால் போதும் என்றார். இருவர் சொன்னதிலும் பாதி சரி, பாதி தவறு.

கம்பிவழி முறையே மூத்தது. 1942ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பீனமுண்டே என்னுமிடத்தில் ராக்கெட்டுகள் ஏவப்படுவதைப் பாதுகாப்பான தூரத்திலிருந்து காண்பதற்காக, வால்ட்டர் புரூக் என்ற பொறியாளர் இத்தகைய அமைப்பொன்றை உருவாக்கினார். அதன் அடிப்படை இன்றும் மாறவில்லை. கேமரா தான் காணும் காட்சியை மின் அலையாக்கி, ஆஸ்ட்ரோ தட்டிலிருந்து வீட்டுக்குள் வருகிறதே, அதுபோன்ற தடித்த வட்ட வயர் வழியே அனுப்புகிறது. மறுமுனையிலுள்ள பதிவுப் பெட்டி அவ்வலையைப் படமாக்கிச் சேமிக்கிறது. ஒவ்வொரு கேமராவுக்கும் பெட்டி வரை தனித்தனி வயர் வேண்டும். மின்சாரத்திற்கு வேறொரு வயரும் வேண்டும்.

வலையமைப்புக் கேமராவை 1996ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டின் ஆக்சிஸ் நிறுவனம் முதன்முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. சிறிய படமாக இருந்தால் விநாடிக்கு ஒன்று அனுப்பும் அளவுக்கே அதற்கு ஆற்றல் இருந்தது. நம் தொலைக்காட்சிப் பெட்டியோ அக்காலத்திலேயே விநாடிக்கு 25 படங்களைக் காட்டிக்கொண்டிருந்தது! பின்னர் அதன் வளர்ச்சி வேகமாயிற்று. இவ்வகைக் கேமராவினுள் ஒரு சிறு கணினியே இருக்கிறது. அது படத்தை எண்களாக்கிச் சுருக்கி, முகவரியிட்டு அனுப்புகிறது.

இதன் வேறுபாட்டைத் தோட்டத்து வழக்கம் ஒன்றைக்கொண்டே விளக்கிவிடலாம். ஒவ்வொரு வீட்டுக்காரரும் தம் கடிதத்தைத் தாமே சுமந்து நகரத்துத் தபால் நிலையத்திற்குத் தனிப்பாதையில் நடந்து சென்றால் அது கம்பிவழி முறை. எல்லாக் கடிதங்களும் ஆபீசுக்கு வந்து, கிராணி அவற்றை ஒரே பையில் கட்டி அனுப்பினால் அது வலையமைப்பு முறை. முகவரி எழுதியிருப்பதால் ஒரே பையில் போனாலும் கடிதங்கள் கலந்துவிடுவதில்லை. இம்முறையில் கிராணியின் வேலையைச் செய்யும் சிறு பெட்டிக்குச் ‘சுவிட்ச்’ என்று பெயர். எட்டுக் கேமராக்கள் அதில் வந்து சேர்ந்தாலும் அங்கிருந்து பதிவுப் பெட்டிக்கு ஒரே வயர் போதும். ஆனால், கிராணி விடுப்பில் போனால் ஒருவர் கடிதமும் போகாது என்பதையும் மறத்தலாகாது.

இனிப் படத்தின் தெளிவைக் காண்போம். கோயில் பதிவில் முகம் தெரியாமற்போனதற்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது. கேமராப் படம் என்பது புள்ளிக்கோலம் போன்றது. புள்ளிகள் நெருங்க நெருங்க உருவம் தெளியும். பழைய கம்பிவழிக் கேமராவின் படத்தில் குறுக்கே 720 புள்ளிகளும் நெடுக்கே 576 புள்ளிகளும் உண்டு. இன்று சாதாரணமாக விற்கும் கேமராவில் குறுக்கே 1,920, நெடுக்கே 1,080. முன்பின் அறியாத ஒருவரை இன்னாரென ஐயமின்றிக் காட்ட, காட்சியின் அகலத்தில் மீட்டருக்கு 250 புள்ளிகளாவது வேண்டுமென்பது இத்துறையின் அனைத்துலக அளவுகோல். 720ஐ 250ஆல் வகுத்தால் மூன்று மீட்டருக்கும் குறைவு. ஏறத்தாழ ஒரு கதவின் முன்புறம், அவ்வளவே. அக்கோயிலின் கேமராவோ பத்து மீட்டர் அகலமுள்ள முன்வாசல் முழுவதையும் பார்த்துக்கொண்டிருந்தது! 1,920ஐ வகுத்தால் ஏழரை மீட்டருக்குச் சற்று மேல். ஆகவே புதிய கேமராவே ஆயினும் பரந்த வெளியெங்கும் முகம் காட்டும் என்று எதிர்பார்த்தல் பிழை. ஆள் நுழையும் குறுகிய வழியை ஒரு கேமரா நெருங்கிப் பார்க்க வேண்டும். வெளி முழுவதையும் மற்றொன்று பார்த்தால் போதும்.

இவ்விடத்தில் ஒரு தவறான எண்ணத்தை அகற்ற விரும்புகிறோம். “பழைய வயரில் தெளிவான படம் வராது” என்று சிலர் கூறுவர். 2012ஆம் ஆண்டு தொடங்கி, அதே வட்ட வயரிலேயே தெளிவுமிக்க படத்தை அனுப்பும் கம்பிவழிக் கேமராக்கள் கடைகளுக்கு வந்துவிட்டன. வயர் நல்ல நிலையில் இருந்தால் கேமராவையும் பெட்டியையும் மட்டும் மாற்றிக்கொள்ளலாம். முழுவதையும் பிடுங்கச் சொன்ன கடைக்காரர் இதைச் சொல்லவில்லை. வயர் இழுக்கும் கூலியே செலவில் பெரும்பகுதி என்பதால் இதை அறிந்துகொள்வது நன்று.

அடுத்தது தூரம். நாம் அக்குழுவினருடன் நடந்து அளந்தபோது கோயிலிலிருந்து ஸ்டோர் வரை ஏறக்குறைய 240 மீட்டர் இருந்தது. வலையமைப்பு வயர் 100 மீட்டருக்கு மேல் செல்லாது. இடையில் சுவிட்ச் வைத்தால் மீண்டும் ஒரு 100 மீட்டர் செல்லும். மரங்களுக்கிடையே அதற்கு மின்சாரம் ஏது? மழையிலும் எறும்பிலும் அந்தப் பெட்டியைக் காப்பது யார்? வட்ட வயரோ சில நூறு மீட்டர் வரை படத்தைக் கொண்டுசெல்லும். இதைக் கேட்டவுடன் குழுவின் செயலாளர், “அப்படியானால் கம்பிவழிதானே நல்லது?” என்றார். படம் போய்ச் சேரும். மின்சாரம் போய்ச் சேராது என்பதே அதற்கு விடை.

இதைச் சற்று விரித்துரைப்பது அவசியம். பலர் ஏமாறும் இடம் இதுதான். கம்பிவழிக் கேமராவுக்கு 12 வோல்ட் மின்சாரம் வேண்டும். கடைகளில் கிடைக்கும் மெல்லிய செம்பு வயரில், குறுக்களவு அரைச் சதுர மில்லிமீட்டர் என வைத்துக்கொள்வோம், 100 மீட்டர் போய் 100 மீட்டர் திரும்பும் மின்சாரத்திற்கு ஏறக்குறைய 7 ஓம் தடை ஏற்படும். பகலில் கேமரா சிறிதளவே மின்சாரம் உண்ணும். படம் நன்றாகவே தெரியும். இருட்டியதும் அதன் முகப்பிலுள்ள கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு விளக்குகள் எரியத் தொடங்கும். அப்போது அரை ஆம்பியர் இழுத்தால் வழியிலேயே மூன்றரை வோல்ட் தொலைந்துபோகும். எஞ்சிய எட்டரை வோல்ட்டில் கேமரா அணைந்து அணைந்து எரியும், அல்லது படமே வராது. பகலெல்லாம் விழித்திருந்து, திருடன் வரும் நேரத்தில் உறங்கிவிடும் காவல்காரனை யார் வைத்துக்கொள்வர்? கேமரா பழுது என்றெண்ணி மூன்றுமுறை கேமராவை மாற்றிய ஒரு கடையை நாம் அறிவோம். பழுது வயரில் இருந்தது. தூரத்துக் கேமராவுக்கு அருகிலேயே மின்சாரம் தருவதுதான் இதற்கு வழி.

வலையமைப்பு முறையில் இத்தொல்லை குறைவு. படம் செல்லும் அதே வயரில் 48 வோல்ட் அளவில் மின்சாரமும் செல்கிறது. அழுத்தம் மிகுந்தால் அதே வேலைக்கு வேண்டிய ஆம்பியர் குறைகிறது; வழியில் தொலைவதும் குறைகிறது. ஆனால் இங்கும் ஒரு சூது உண்டு. அலுமினியக் கம்பிக்குச் செம்புப் பூச்சுப் பூசி மலிவு விலையில் விற்கின்றனர். ஒரு கம்பியின் நுனியைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளை தெரியும். அதை வாங்கவேண்டாம்.

மூன்றாவது, இடி. பேராக்கில் வாழ்வோருக்கு இடியைப் பற்றிக் கூறவும் வேண்டுமோ? பருவக்காற்று மாறும் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகல்தோறும் வானம் கறுத்து முழங்கும். கட்டடத்திற்குக் கட்டடம் இழுத்த செம்பு வயர், அது எம்முறையைச் சேர்ந்ததாயினும், மின்னல் அருகே விழும்போது அதன் வேகத்தைப் பெட்டிக்குள் கொண்டுவந்து சேர்க்கும். கம்பிவழி முறையில் பதிவுப் பெட்டி கருகும்; வலையமைப்பு முறையில் சுவிட்ச் கருகி, அதனோடு இணைந்த கேமராக்களும் போகலாம். நிலத் தொடர்பும் மின்னழுத்தத் தடுப்புக் கருவியும் ஓரளவு காக்கும். ஆயினும் இரு கட்டடங்களுக்கிடையே கண்ணாடி இழை வயர் போடுவதே உறுதியான காப்பு. கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது. உள்ளே உலோக இழையில்லாத வயராகக் கேட்டு வாங்க வேண்டும் என்பதே நிபந்தனை. அதற்கு 100 மீட்டர் வரம்பும் இல்லை; கிலோமீட்டர் கணக்கில் செல்லும். முன்பு விலை மிகுந்திருந்த இப்பொருள் இப்போது பொதுமக்கள் வாங்கக்கூடிய நிலைக்கு இறங்கியுள்ளது.

வயரே இல்லாத கேமராவைப் பற்றியும் கேட்டனர். அதற்கும் மின்சார வயர் வேண்டுமாதலின் ‘வயரில்லா’ என்ற பெயர் பாதி உண்மையே. மேலும், நீர்ச்சத்து நிறைந்த இலைகள் வானலையை உறிஞ்சும். ஆண்டின் தொடக்கத்தில் ரப்பர் மரங்கள் இலையுதிர்த்து நிற்கும் காலத்தில் சோதித்துப் பார்த்தால் படம் பளிச்சென்று வரும். தளிர் முற்றி நிழல் கட்டியதும் படம் தத்தளிக்கும். ஆகவே மரங்களுக்கு ஊடே இதை நம்ப வேண்டாம். தடையற்ற வெளியில் பயன்படுத்துவோர், தொடர்பு பல்லூடக ஆணையத்தின் சான்று முத்திரை பெட்டியில் உள்ளதா என்று பார்த்து வாங்குவார்களாக.

“தோட்டத்தில் இணையமே சரியாக இல்லையே, வலையமைப்புக் கேமரா எப்படி வேலை செய்யும்?” என்ற ஐயமும் எழுந்தது. வலையமைப்பு வேறு, இணையம் வேறு. கேமராவும் பெட்டியும் தமக்குள் பேசிக்கொள்ள இணையம் தேவையில்லை. பதிவு நடந்துகொண்டே இருக்கும். ஈப்போவில் வேலை செய்யும் மகன் கைப்பேசியில் பார்க்க வேண்டுமானால்தான் இணையம் வேண்டும். அவ்வசதி இன்று கம்பிவழிப் பெட்டியிலும் உண்டு. எனவே அதை ஒரு முறையின் தனிச்சிறப்பாக எவரேனும் கூறினால் நம்பவேண்டியதில்லை.

இணையத்தோடு இணைத்த பின்போ ஓர் அபாயம் இரண்டுக்கும் பொது. 2016ஆம் ஆண்டில் ‘மிராய்’ என்னும் தீய நிரல் உலகெங்கும் இலட்சக்கணக்கான கேமராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் கைப்பற்றியது. அவ்வாண்டு அக்டோபர் 21ஆம் நாள் அவற்றைக்கொண்டு தொடுத்த தாக்குதலால் அமெரிக்காவில் டுவிட்டர், நெட்பிளிக்ஸ் உள்ளிட்ட பெரிய தளங்கள் பல மணி நேரம் தடுமாறின. திருடர் பயன்படுத்திய சாவி எது? தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை வாங்கியவர்கள் மாற்றாமல் விட்டதே. பெட்டி பொருத்திய அன்றே கடவுச்சொல்லை மாற்ற வேண்டும். மாற்றியதை ஒருவர் மட்டும் நெஞ்சில் வைத்திராமல், எழுதி முத்திரையிட்ட உறையில் குழுவின் பெட்டகத்தில் வைக்க வேண்டும். தலைவர் மாறியபின் கடவுச்சொல் தெரியாமல் பெட்டியையே வீசிய கோயில்கள் உண்டு.

எத்தனை நாள் பதிவு நிற்கும் என்பதை வாங்குமுன் கணக்கிட வேண்டும். தெளிவான ஒரு கேமரா விநாடிக்கு நான்கு மெகாபிட் அனுப்பினால் நாளொன்றுக்கு ஏறக்குறைய 43 ஜிகாபைட் ஆகும். நான்கு கேமராவுக்கு 173. ஒரு டெராபைட் வன்தட்டு ஆறு நாளிலேயே நிறைந்து, பழையது அழியத் தொடங்கும். வாரத்திற்கு ஒருமுறை திறக்கும் கோயிலில் களவு தெரிய வருமுன் சான்று போய்விடும். நான்கு டெராபைட் இருந்தால் 23 நாள் தாங்கும். புதிய சுருக்க முறை உள்ள பெட்டியாயின் ஏறத்தாழ அதன் இருமடங்கு.

பெட்டியின் கடிகாரமும் முக்கியம். அக்கோயில் பதிவில் தேதி இரண்டு ஆண்டு பின்தங்கி நின்றது. அத்தகைய பதிவைக் காவல் நிலையத்தில் கொடுத்தால் அங்குள்ளவர்கள் என்ன செய்வார்கள்? 1950ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 90அ பிரிவின்படி கணினிப் பதிவை நீதிமன்றம் ஏற்கும். ஆனால், அக்கருவி முறையாக இயங்கியது என்று பொறுப்பாளர் சான்றளிக்க நேரலாம். மாதம் ஒருமுறை கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது பெரிய வேலையன்று.

ஒன்றை வற்புறுத்திக் கூறக் கடமைப்பட்டுள்ளோம். லயத்துப் பொதுக்குழாயடியையும், குளியலறைப் பக்கத்தையும், அண்டை வீட்டுச் சன்னலையும் எக்கேமராவும் பார்க்கக் கூடாது. கோயில் கேமராக்களுள் ஒன்று குழாயடி நோக்கித் திரும்பியிருந்ததை அங்கிருந்த மாதர்களே நமக்குச் சுட்டிக்காட்டினர். நிர்வாகக் குழுவில் பெண் ஒருவரும் இல்லை. இருந்திருந்தால் முதல்நாளே தெரிந்திருக்கும். அன்றே அது திருப்பப்பட்டது.

இறுதியில் அக்குழு எடுத்த முடிவு இது. கோயிலின் பழைய வயரைச் சோதித்ததில் மூன்று நல்ல நிலையில் இருந்தன. ஒன்றை எலி கடித்திருந்தது. அந்த மூன்றிலும் தெளிவுமிக்க கம்பிவழிக் கேமராக்கள் பொருத்தப்பட்டன. இருவகைக் கேமராவையும் ஏற்கும் கலப்புப் பெட்டி ஒன்று வாங்கப்பட்டது. அதனோடு இணைய, ஸ்டோரில் இரண்டு வலையமைப்புக் கேமராக்களும் ஒரு சுவிட்சும். ஸ்டோருக்கும் கோயிலுக்கும் இடையே கண்ணாடி இழை. வெவ்வேறு நிறுவனத்துக் கருவிகள் ஒன்றோடொன்று இணங்குவதற்காக 2008ஆம் ஆண்டில் ஏற்பட்ட ‘ஓன்விஃப்’ என்னும் பொது விதியை அவை பின்பற்றுகின்றனவா என்று எழுத்தில் கேட்டுப் பெற்றனர். ஸ்டோருக்கான மின்சார இணைப்பை உரிமம் பெற்ற மின்பணியாளரிடம் ஒப்படைத்தனர். எங்கும் வயரே இழுக்கப்படாத புதுப் பள்ளிக் கட்டடமாகவோ தாமான் வரிசையாகவோ இருந்திருந்தால், வலையமைப்பு முறையையே முழுமையாகக் கைக்கொள்ளச் சொல்லியிருப்போம். அங்கு நிலைமை அதுவன்று.

குழாய் புதைக்கும் பள்ளத்தை இளைஞர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோத்தோங் ரோயோங் முறையில் தோண்டி முடித்தனர். கூலியில் மிஞ்சிய பணத்தில் கோயில் முன்வாசலுக்கு ஒரு விளக்கும், மின்தடையின்போது பெட்டியைத் தாங்கும் மின்கலமும் வந்தன. உண்டியலுக்கு எதிரே, ஆள் தலைக்குச் சற்று உயரத்தில், இரண்டு மீட்டர் அகலத்தை மட்டும் பார்க்கும்படி ஒரு கேமரா நிற்கிறது. அதில் நாம் எடுத்த சோதனைப் பதிவில் பூசாரியாரின் நெற்றியிலிருந்த குங்குமப் பொட்டு வரை தெரிந்தது.